பூஜ்யம் காட்டும் சிஆர்டிகள்: பயன்படாத கஸ்டம் ரிசோர்ஸ்களைக் கண்டறிவதும் எண்ணுவதும்

சில ஆண்டுகள் ஓடிவிட்ட ஒரு குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் (மென்பொருள்களை ஓட்டும் கணினித் தொகுப்பில்) சிஆர்டிகளின் (கிளஸ்டருக்குப் புதிதாகச் சேர்த்த பொருள் வகைகளின் வரையறைகளின்) பட்டியலைக் கேட்டால், நூறு, இருநூறு என்று வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் பலவற்றை யார், எதற்காக நிறுவினார்கள் என்று இன்று அந்த அணியில் இருப்பவர்களால் சொல்ல முடியாது. இரண்டு வாரம் சோதித்துவிட்டுக் கைவிட்ட சர்வீஸ் மெஷ், வேறொன்றுக்கு மாறிய பிறகும் அகற்றாமல் விட்ட பேக்கப் கருவி, ஏதோ ஒரு ஹெல்ம் சார்ட்டுக்குள் (நிறுவல் தொகுப்புக்குள்) துணைச் சார்ட்டாகச் சத்தமின்றி வந்து சேர்ந்த ஆபரேட்டர் (தன் வகைப் பொருள்களைக் கவனித்து இயக்கும் மென்பொருள்) என ஒவ்வொன்றும் தன் வகைகளை விட்டுச் சென்றிருக்கும். ஒவ்வொரு வகையிலும் எத்தனை பொருள்கள் உள்ளன என்று எண்ணி, பூஜ்யம் வந்தவற்றை நீக்கிவிட்டால் போதும் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். எண்ணுவது அவசியம்தான், ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் நீக்கத் தொடங்குபவர், குப்பையோடு சேர்த்து ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் ஓர் உறுப்பையும் வெட்டிவிடுவார்.

குபெர்னெட்டீஸில் பயனரே புதிய வகைகளைச் சேர்க்கும் வசதி தொடக்கத்தில் தேர்ட் பார்ட்டி ரிசோர்ஸ் என்ற பெயரில் இருந்தது. 2017-இல் வந்த 1.7 பதிப்பு அதற்குப் பதிலாக சிஆர்டியை, அதாவது கஸ்டம் ரிசோர்ஸின் வரையறையை, அறிமுகப்படுத்தியது. 2019-இல் வெளியான 1.16 பதிப்பில் அது நிலைபெற்றது. சிஆர்டி என்பது வகையின் வரையறை மட்டுமே. அந்த வரையறையின் கீழ் உருவாக்கப்படும் ஒவ்வொரு பொருளும் ஒரு கஸ்டம் ரிசோர்ஸ். சிஆர்டியை நீக்கினால் அதன் கீழுள்ள பொருள்கள் அத்தனையும், எல்லா நேம்ஸ்பேஸ்களிலும் (கிளஸ்டரின் பெயரிட்ட உட்பிரிவுகளிலும்), கூடவே நீங்கிவிடும். ஒரு தரவுத்தள ஆபரேட்டரின் சிஆர்டி என்றால், அந்தப் பொருள்கள் தமக்குச் சொந்தம் என்று குறித்துவைத்த பாட்கள் (ஓடும் மென்பொருள் அலகுகள்), சர்வீஸ்கள் (அவற்றுக்கான பிணைய முகவரிகள்) ஆகியவற்றை, உரிமையாளர் இல்லாமல் போன பொருள்களை நீக்கும் கார்பேஜ் கலெக்டர் அடுத்தபடியாகக் கூட்டிப் பெருக்கிவிடும்.

இந்த ஆபத்தை முன்னிட்டுத்தான் நிறுவும் கருவிகள் சிஆர்டிகளை நீக்கத் தயங்குகின்றன. 2019 நவம்பரில் வந்த ஹெல்ம் 3, சார்ட்டின் சிஆர்டி கோப்புறையில் உள்ளவற்றை முதல்முறை நிறுவும். அதன்பின் அவற்றை மேம்படுத்தவும் செய்யாது, சார்ட்டை அகற்றும்போது நீக்கவும் செய்யாது. டெம்ப்ளேட்டுக்குள் சிஆர்டியை வைக்கும் சார்ட்டுகள்கூட, ‘இதை வைத்திரு’ என்ற குறிப்பை அதன்மேல் ஒட்டிவைப்பதுண்டு. ஆகவே கைவிடப்பட்ட சிஆர்டிகள் கிளஸ்டரில் தேங்குவதை நிர்வாகியின் அசட்டை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தரவு இழப்பைவிடக் குப்பை மேல் என்று கருவிகளை எழுதியவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது, என் பார்வையில் சரியான முடிவும்கூட.

வெற்று வரையறை சும்மா கிடந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கிளஸ்டருக்கு வரும் வேண்டுகோள்களை ஏற்கும் ஏபிஐ சர்வர் ஒவ்வொரு சிஆர்டிக்கும் அதன் ஸ்கீமாவை (புலங்களின் அமைப்பு விதியை) நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஓப்பன் ஏபிஐ விவரணையை உருவாக்குகிறது. வழங்கப்படும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வாட்ச் கேஷை (மாற்றங்களைப் பின்தொடரும் தற்காலிக நினைவை) நடத்துகிறது. கீழே ஒரு பொருள்கூட இல்லாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. பத்து இருபது சிஆர்டிகளில் இது தெரியவராது. மேகச் சேவைகளைக் குபெர்னெட்டீஸிலிருந்தே நிர்வகிக்கும் கிராஸ்பிளேன் திட்டத்தின் ஏடபிள்யூஎஸ் வழங்கி ஒன்றை நிறுவினாலே சுமார் 900 சிஆர்டிகள் வந்திறங்கிய காலத்தில் நன்றாகவே தெரிந்தது. பெரும்பாலான பயனர்கள் அவற்றில் ஒரு கையளவைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால்தான் 2023-இல் அந்த வழங்கிகள் சேவைவாரியாகச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டன. குபெர்னெட்டீஸின் கட்டளைவரிக் கருவியான கியூப்சிடிஎல்லின் கட்டளை ஒவ்வொன்றும் ‘கிளையன்ட் பக்கத் தடுப்பால் காத்திருந்தது’ என்று அறிவித்துவிட்டு நொடிக்கணக்கில் நின்ற அனுபவம் அந்தக் காலத்தில் பலருக்கும் உண்டு. குழுவுக்கும் பதிப்புக்கும் தனித்தனியாகக் கேட்காமல் மொத்தப் பட்டியலையும் ஒரே வேண்டுகோளில் தரும் வசதி 1.27 பதிப்பில் இயல்பாகவே இயங்கத் தொடங்கிய பிறகு அந்தத் தாமதம் பெரிதும் குறைந்தது. நினைவகச் செலவு போகவில்லை.

நினைவகத்தைவிடப் பெரிய தொல்லை வேறோர் இடத்திலிருந்து வரும். கைவிட்ட ஆபரேட்டரின் சிஆர்டிக்கு இரண்டு பதிப்புகள் இருந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் கன்வர்ஷன் வெப்ஹுக்கும் இருந்தது என்று வையுங்கள். ஆபரேட்டரை அகற்றியபோது வெப்ஹுக்கின் பாடும் சர்வீஸும் போய்விட்டன. சிஆர்டியும் பழைய பதிப்பில் சேமிக்கப்பட்ட சில பொருள்களும் மட்டும் மிஞ்சின. ஆறு மாதம் கழித்து, இதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் தம் நேம்ஸ்பேஸை நீக்குகிறார். நேம்ஸ்பேஸ் கன்ட்ரோலர் (நேம்ஸ்பேஸ்களைக் கவனித்துச் செயல்படும் நிரல்) அதிலுள்ள எல்லா வகைப் பொருள்களையும் பட்டியலிட்டுத்தான் நீக்க முடியும். இந்த ஒரு வகையைப் பட்டியலிடும்போது ஏபிஐ சர்வர் இல்லாத வெப்ஹுக்கை அழைக்கிறது, பிழை திரும்புகிறது, நேம்ஸ்பேஸ் ‘டெர்மினேட்டிங்’ நிலையிலேயே நின்றுவிடுகிறது. அந்த நேம்ஸ்பேஸின் ஸ்டேட்டஸ் பகுதியில் கண்டிஷன் வரிகளைப் படித்தால் காரணமான வகையின் பெயர் அங்கேயே இருக்கும். ஆனால் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிராதவர் அதை நம்பாமல் நேம்ஸ்பேஸின் ஃபைனலைசரை (துப்புரவு முடியும்வரை நீக்கத்தைத் தடுத்துவைக்கும் குறியை) வெட்டிவிடுவதே வழக்கமாக நடக்கிறது.

இனி எண்ணும் வேலை. பட்டியலை எங்கிருந்து எடுப்பது என்பதிலேயே முதல் பிழை நேரலாம். ஏபிஐ வளங்களின் பொதுப் பட்டியலில் உள்ளமை வகைகளும் சிஆர்டி வகைகளும், மெட்ரிக்ஸ் சர்வர் போல வேறொரு சர்வரிடம் அனுப்பிவிடப்படும் வகைகளும் கலந்திருக்கும். ஒரே வகை பல பதிப்புகளில் வழங்கப்பட்டால், பதிப்புவாரியாகச் சுற்றிவரும் ஸ்கிரிப்ட் அதே பொருள்களை மீண்டும் மீண்டும் எண்ணும். சிஆர்டி பொருள்களின் பட்டியலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் வழங்கப்படும் ஒரு பதிப்பை மட்டும் கேட்பதே சரியான வழி. நேம்ஸ்பேஸுக்குட்பட்ட வகையென்றால் எல்லா நேம்ஸ்பேஸ்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். ‘டீஃபால்ட் நேம்ஸ்பேஸில் எதுவும் இல்லை’ என்ற பதிலைக் கிளஸ்டரிலேயே எதுவும் இல்லை என்று படித்துவிட்டவர்கள் ஏராளம்.

எண்ணிக்கைக்காக எல்லாப் பொருள்களையும் முழு உடலோடு இறக்கிக்கொள்ளத் தேவையில்லை. பட்டியல் வேண்டுகோளில் வரம்பை 1 என்று வைத்தால், சர்வர் ஒரு பொருளையும், மீதம் எத்தனை உள்ளன என்ற எண்ணையும் மெட்டாடேட்டாவில் தரும். இரண்டையும் கூட்டினால் மொத்தம் கிடைத்துவிடும். லேபிள் அல்லது ஃபீல்டு தேர்வி சேர்த்துக் கேட்டால் மீதி எண் வராது. அது துல்லியமாக இருக்கும் என்ற உறுதிமொழியும் கிடையாது. ஆனால் ‘இருக்கிறதா, இல்லையா, இருந்தால் பத்தா பத்தாயிரமா’ என்பதற்கு அது தாராளமாகப் போதும். பெயர், வயது, உரிமையாளர் ஆகியவையும் வேண்டுமென்றால் மெட்டாடேட்டாவை மட்டும் தரும்படி சர்வரைக் கேட்கலாம்.

இப்போது வழக்கமாக எழுதப்படும் ஒரு ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிஆர்டி பெயருக்கும் கியூப்சிடிஎல் மூலம் பட்டியல் கேட்கிறது. திரையை அசிங்கப்படுத்தாமல் இருக்கப் பிழைச் செய்திகளைக் குப்பைக்குத் திருப்பிவிடுகிறது. வந்த வரிகளை எண்ணி அச்சிடுகிறது. ஐந்து வரிகளில் முடிந்துவிடும் வேலை. அதை ‘வியூ’ என்ற உள்ளமைப் பொறுப்புக் கொண்ட கணக்கில் ஓட்டுங்கள். அந்தப் பொறுப்பு கஸ்டம் ரிசோர்ஸ்களைத் தானாகப் பார்க்க விடாது. ஆபரேட்டரின் சார்ட் அதற்கென்று ஒரு கிளஸ்டர் ரோலைச் சேர்த்து, ‘வியூவோடு இணை’ என்ற லேபிளை இட்டிருந்தால்தான் தெரியும். இடாத ஆபரேட்டர்களின் வகைகள் அத்தனைக்கும் ‘அனுமதி இல்லை’ என்ற பிழை வருகிறது, பிழை குப்பைக்குப் போகிறது, வரி எண்ணிக்கை பூஜ்யம் என்று அச்சாகிறது. உற்பத்திச் சூழலின் முக்கியமான தரவுத்தளங்கள் அந்தப் பட்டியலில் ‘பயன்படாதவை’ ஆகிவிடுகின்றன.

வெப்ஹுக் உடைந்த வகைக்கும் இதே ஸ்கிரிப்ட் பூஜ்யத்தைத்தான் காட்டும், உண்மை நிலை அதற்கு நேர்மாறாக இருந்தாலும். பொருளே இல்லாத வகையில் மாற்றித் தருவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே வெப்ஹுக் செத்திருந்தாலும் வெற்றுப் பட்டியல் சிக்கலின்றி வந்துவிடும். கன்வர்ஷன் பிழை வருகிறது என்றாலே வேறு பதிப்பில் சேமித்த பொருள் ஒன்றாவது எட்சிடியில் (கிளஸ்டரின் தரவுக் கிடங்கில்) இருக்கிறது என்று பொருள். ஆகவே எந்தக் கணக்கெடுப்பிலும் எண், பூஜ்யம், பிழை ஆகிய மூன்றும் தனித்தனி நெடுவரிசையாக இருக்க வேண்டும். பிழையின் உரையும் அப்படியே பதிவாக வேண்டும். என்னைக் கேட்டால் கணக்கெடுப்பின் பாதி மதிப்பு அந்தப் பிழை நெடுவரிசையில்தான் இருக்கிறது.

பட்டியல் கேட்காமலே எண்ணுவதற்கும் வழி உண்டு. ஏபிஐ சர்வர் தான் சேமித்துள்ள பொருள்களின் எண்ணிக்கையை வகைவாரியாக ஒரு மெட்ரிக்காக வெளியிடுகிறது. கண்காணிப்புக் கருவியான ப்ரோமிதியஸ் அதைச் சேகரித்துவந்தால் கடந்த சில மாதங்களின் வரைபடமே கையில் இருக்கும். எண்ண முடியாதபோது அது பூஜ்யம் என்று பொய் சொல்லாமல் –1 என்று காட்டும். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: ஏபிஐ சர்வர் மூன்று பிரதிகளாக ஓடினால் மூன்றும் அதே மொத்தத்தைத்தான் சொல்லும். அவற்றைக் கூட்டினால் எண் மூன்று மடங்காகிவிடும். அவற்றில் பெரியதை எடுக்க வேண்டும்.

காலத்தோடு சேர்த்துப் பார்க்க இந்த மெட்ரிக் உதவுகிறது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சான்றிதழ்களைப் பெற்றுப் புதுப்பிக்கும் செர்ட் மேனேஜரில் சேலஞ்ச் என்றொரு வகை இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற நிறுவனத்திடம் சான்றிதழ் கேட்கும்போது, டொமைன் நம்முடையதுதான் என்று நிரூபிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் சேலஞ்ச் பொருள் உருவாகும். நிரூபணம் முடிந்ததும் நீக்கப்படும். 90 நாள் செல்லுபடியாகும் சான்றிதழை செர்ட் மேனேஜர் இயல்பாக மூன்றில் இரண்டு பங்கு காலம் கடந்ததும், அதாவது ஏறக்குறைய 60-ஆம் நாளில், புதுப்பிக்கும். இடையில் எந்த நாளில் எண்ணினாலும் சேலஞ்ச் பூஜ்யம்தான். வெலீரோ பேக்கப் கருவியின் ரிஸ்டோர் வகையும் அப்படியே. பேரிடர் வராத கிளஸ்டரில் அது ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கலாம். அந்த வகையை வீண் என்று நீக்குபவர் எந்த நாளில் அதைத் தேடுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே சேலஞ்ச் வகை, நிறுவனத்தின் உள்ளக சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) மட்டுமே பயன்படும் கிளஸ்டரில் உண்மையாகவே என்றும் பூஜ்யமாக இருக்கும். அப்போதும் அதை மட்டும் தனியாக நீக்க முடியாது. செர்ட் மேனேஜரின் கன்ட்ரோலர் தன் வகைகள் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்குகிறது. ஆகவே பயன்படுகிறதா என்ற கேள்வியைத் தனித்தனி வகையிடம் கேட்பதில் பொருளில்லை. வகைகளைக் கொண்டுவந்த மென்பொருளிடம்தான் கேட்க வேண்டும். கணக்கெடுப்பு அட்டவணையில் ஒரு மென்பொருளின் சிஆர்டிகள் எல்லாம் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, அத்தொகுதி முழுவதும் காலியா என்று பார்க்கப்பட வேண்டும்.

தொகுப்பதற்கு ஏபிஐ குழுவின் பெயர் ஓரளவு கைகொடுக்கும். முழுக்க நம்ப முடியாது. இஸ்டியோ என்ற சர்வீஸ் மெஷின் வகைகள் நெட்வொர்க்கிங், செக்யூரிட்டி, டெலிமெட்ரி என்று பல குழுக்களில் பரவியிருக்கின்றன. மறுபக்கம், கேட்வே ஏபிஐயின் ஒரே குழுவைப் பல்வேறு திட்டங்களின் கன்ட்ரோலர்கள் பகிர்ந்துகொள்கின்றன. சர்வீஸ் மானிட்டர் என்ற வகை ப்ரோமிதியஸ் ஆபரேட்டருடையது. ஆனால் விக்டோரியா மெட்ரிக்ஸ் ஆபரேட்டரும் ஓப்பன் டெலிமெட்ரியின் டார்கெட் அலொகேட்டரும் அதைப் படிக்கும். ப்ரோமிதியஸ் ஆபரேட்டர் போய்விட்டது, ஆகவே அதன் வகைகளும் அநாதை என்று முடிவு கட்டினால், கண்காணிப்பு மொத்தமும் ஓர் இரவில் குருடாகிவிடலாம்.

எதிர்ப்பக்கச் சிக்கலையும் பார்க்க வேண்டும்: பொருள்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றை யாரும் கவனிப்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் நம்பும் கணக்கெடுப்பில் இவை ‘பயன்பாட்டில் உள்ளவை’ என்று தப்பித்துவிடும். நான் முதலில் பார்ப்பது பொருளின் ஸ்டேட்டஸ் பகுதியை. நல்ல கன்ட்ரோலர்கள் தாம் கடைசியாகக் கவனித்த தலைமுறை எண்ணை அங்கே எழுதிவைக்கும். மெட்டாடேட்டாவில் உள்ள தலைமுறை எண் 7 ஆகவும் ஸ்டேட்டஸில் உள்ளது 4 ஆகவும் நாள்கணக்கில் நின்றிருந்தால், கடைசி மூன்று மாற்றங்களைப் படிக்க ஆளில்லை என்று பொருள். அடுத்தது, எந்தக் கருவி எந்தப் புலத்தை எப்போது எழுதியது என்று குறித்துவைக்கும் மேனேஜ்டு ஃபீல்ட்ஸ் பகுதி. கியூப்சிடிஎல் இதை இயல்பாக மறைத்துவிடும். காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கன்ட்ரோலரின் கடைசிக் கையெழுத்து இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியில் நின்றிருப்பது வலுவான தடயம். ஆனால் மாறாத பொருளைக் கன்ட்ரோலர் மீண்டும் எழுதாது என்பதால் அது தீர்ப்பாகாது.

தீர்ப்புக்கு மிக அருகில் கொண்டுபோவது, ஏபிஐ சர்வரிடம் யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்துவைக்கும் ஆடிட் பதிவு. உயிரோடிருக்கும் கன்ட்ரோலர் தன் வகைகளை வாட்ச் செய்துகொண்டே (மாற்றங்களைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே) இருக்கும். கோ மொழியின் வழக்கமான கிளையன்ட் நூலகம் ஒவ்வொரு வாட்சையும் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் முடித்துப் புதிதாகத் திறக்கும். ஆகவே ஒரு மணிநேர ஆடிட் பதிவிலேயே அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் கன்ட்ரோலர் ஒவ்வொன்றும் பல முறை தலைகாட்டிவிடும். பெயர்களை மட்டும் கவனமாகச் சலிக்க வேண்டும். கார்பேஜ் கலெக்டர், நீக்கத்தக்க எல்லா வகைகளையும் வாட்ச் செய்கிறது; ரிசோர்ஸ் கோட்டா கன்ட்ரோலரும் நேம்ஸ்பேஸுக்குட்பட்ட வகைகளை வாட்ச் செய்கிறது; ஆர்கோ சிடி என்ற நிறுவல் கருவி இருந்தால் அதுவும் கிளஸ்டர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும்; பேக்கப் கருவி இரவில் ஒருமுறை எல்லாவற்றையும் பட்டியலிடும். இவர்கள் வீடு வீடாகப் போகும் தபால்காரரைப் போன்றவர்கள். அவர் கதவைத் தட்டினார் என்பதால் உள்ளே ஆள் இருப்பதாக ஆகிவிடாது. நேற்று நாமே ஓட்டிய கணக்கெடுப்பு ஸ்கிரிப்ட்டின் தடமும் அங்கே பதிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இவர்களை எல்லாம் கழித்த பிறகும் ஒரு வகையைக் கேட்கும் சர்வீஸ் அக்கவுண்ட் (நிரலுக்கான கணக்கு) மிஞ்சினால், அந்த வகைக்கு ஆள் இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை ஓடும் வேலைகளையும் பிடிக்க வேண்டுமென்றால் 90 நாள் பதிவாவது வேண்டும்.

கோர், பாப்பாய் போன்ற திறமூலக் கருவிகள் பயன்படாத வளங்களைத் தேடித் தருகின்றன. கோர் சிஆர்டிகளையும் பார்க்கிறது. பட்டியலை விரைவாகக் கையில் தருவதற்கு இவை நல்லவை. மேற்சொன்ன சலிப்பு வேலையை இவை செய்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

நீக்க முடிவெடுத்த பிறகும் சில வாரங்கள் அவகாசம் தருவது நல்லது. சிஆர்டியின் பதிப்பில் ‘வழக்கொழிந்தது’ என்ற கொடியை ஏற்றி, எச்சரிக்கை வாசகம் ஒன்றையும் எழுதிவைக்கலாம். அதன்பின் அந்த வகையைத் தொடும் ஒவ்வொருவருக்கும் கியூப்சிடிஎல் அந்த வாசகத்தைக் காட்டும். ‘இதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் தளக் குழுவிடம் சொல்லுங்கள்’ என்ற ஒரு வரி, அனுப்பி யாரும் படிக்காத பத்து மின்னஞ்சல்களைவிடப் பயன் தரும்.

நீக்கும் வரிசையில் தவறினால் குப்பை இரட்டிப்பாகும். முதலில் சிஆர்டியையும் அதன் பொருள்களையும் யாமல் கோப்புகளாக எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, கன்ட்ரோலர் இன்னும் உயிரோடு இருக்கும்போதே பொருள்களை நீக்க வேண்டும். அவற்றின் ஃபைனலைசர்களைக் கழற்றி, வெளியே மேகத்தில் உருவாக்கிய வட்டையோ லோடு பேலன்சரையோ அழிக்க அதற்குத்தான் தெரியும். அதன்பின் கன்ட்ரோலர், கடைசியில் சிஆர்டி. கன்ட்ரோலர் முன்பே போய்விட்டிருந்தால் நீக்கக் கட்டளை முடிவில்லாமல் காத்து நிற்கும். அப்போது ஃபைனலைசரைக் கையால் வெட்டுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. வெட்டும் முன் அந்தப் பொருள் வெளியே எதை உருவாக்கியிருந்தது என்று ஸ்டேட்டஸிலிருந்து குறித்துக்கொள்ளாவிட்டால், கிளஸ்டரில் தடயமே இல்லாத ஒரு வளத்துக்கு மாதாமாதம் கட்டணம் போய்க்கொண்டிருக்கும்.

சிஆர்டி போனபின் எல்லாம் அமைதியாக இருப்பதை வைத்து வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்த வகையை நம்பியிருந்த வேறொரு கன்ட்ரோலர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், பதிவில் ‘வகையைக் காணவில்லை’ என்று புலம்பியபடியே மற்ற வேலைகளைத் தொடரும். அடுத்த முறை அது மறுதொடக்கமாகும்போதுதான், தன் கேஷ் நிரம்பும்வரை காத்திருந்து, கன்ட்ரோலர் ரன்டைம் நூலகத்தின் இயல்பான வரம்பான இரண்டு நிமிடம் கழிந்ததும் நின்றுபோகும். அந்த மறுதொடக்கம் மூன்று வாரம் கழித்து ஒரு நோடு மேம்பாட்டின் நடுவில் நேர்ந்தால், காரணத்தை யாரும் இந்தச் சிஆர்டியோடு முடிச்சுப் போட மாட்டார்கள். ஆகவே நீக்கிய அன்றே, எடுத்துவைத்த யாமல் கோப்பு கையில் இருக்கும்போதே, மிச்சமுள்ள கன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்து, ஒவ்வொன்றும் தயார் நிலைக்கு வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.